நாளைய வாசகருக்கான கல்லூரி நூலகம்: மறுசீரமைப்பு குறித்து ஓர் எளிய அறிமுகம்

கல்லூரியின் நூலகக் குழுவில் முதன்முறையாக இடம்பெறும் ஆசிரியருக்கும், நூலக அறிவியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவருக்கும் ‘நூலக மறுசீரமைப்பு’ என்ற தொடர் விரைவிலேயே அறிமுகமாகிவிடும். அதைக் கேட்டதும் புதிய கட்டடமும் வரிசையாக அடுக்கிய கணினிகளும் வாசலில் ஒரு மின்னணுக் கதவும் மனத்தில் தோன்றுவது இயல்பு. இவை வாங்கப்படலாம், வாங்கப்படாமலும் போகலாம். நூலகம் எதைச் சேர்க்கிறது, சேர்த்ததை எங்கே வைக்கிறது, யாருக்கு எந்த நேரத்தில் கொடுக்கிறது, எதை என்றென்றைக்குமாகக் காக்கிறது, அதன் பணியாளர்கள் தம் நாளை எதில் செலவிடுகிறார்கள் ஆகிய கேள்விகளுக்கு இன்றைய வாசகரையும் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரவிருக்கும் வாசகரையும் மனத்தில் வைத்து விடைகளைத் திருத்தி எழுதுவதற்கே மறுசீரமைப்பு என்று பெயர்.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களைக் கல்விசார் நூலகங்கள் என்கிறோம். பொது நூலகம் ஊரார் அனைவருக்கும் உரியது. கல்விசார் நூலகமோ ஒரு நிறுவனத்தின் பாடத்திட்டத்தோடும் ஆய்வோடும் பிணைந்தது. புதிய துறை தொடங்கினாலும், பழைய துறை மூடப்பட்டாலும், பாடத்திட்டம் திருத்தப்பட்டாலும் அது மாறியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த மாற்றம் நூல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்ற ஒரே வழியில் நடந்தது. இன்றும் பல கல்லூரிகளின் ஆண்டறிக்கையில் நூலகத்துக்குரிய பத்தி ‘மொத்த நூல்கள்’ என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆய்விதழ்கள் அலமாரியை விட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அச்சு நூல்களில் பெரிய பங்கு இரவல் போகாமலே இருக்கிறது. வாசகர் நூலகத்துக்கு வரும் நோக்கமும் வேறாகிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அலமாரிகளும் வேலைப் பிரிவினையும் திறந்திருக்கும் நேரமும் பழைய ஒழுங்கிலேயே நிற்பதுதான் சிக்கல்.

சென்னையில் நடந்த ஒரு மறுசீரமைப்பு

இதற்கு வெளிநாட்டு முன்மாதிரியைத் தேடிப் போக வேண்டிய தேவை நமக்கு இல்லை. 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர், சீர்காழியில் பிறந்து மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதே ஆண்டில் அவர் லண்டன் சென்று யுனிவர்சிட்டி கல்லூரியில் நூலகவியல் பயின்றார்; இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து, அங்கே வாசகர் நேரே அலமாரிக்குச் சென்று நூலைத் தேர்ந்தெடுப்பதைக் கண்டார். 1925இல் திரும்பியதும் சென்னையில் அவர் எடுத்த முயற்சிகளில் கட்டடம் முன்னே வரவில்லை. வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மூடிய அடுக்கு முறையை மாற்றி, அலமாரிகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். தேடுவதற்கு உதவி செய்யவென்றே பணியாளர்களை அமர்த்தினார். 1931இல் தம் புகழ்பெற்ற ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1933இல் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் தம் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். மெரினாவில் பல்கலைக்கழக நூலகத்துக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது 1936இல். வாசகர் அலமாரியைத் தொட்டு, பணியாளர் வாசகரோடு பேசிப் பழகி, நூல்களின் வரிசை முறை தெளிவான பிறகே சுவர்கள் எழும்பின என்பதை நூலகக் குழுக்கள் கருத்தில் கொள்வது நல்லது.

நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பவை அந்த ஐந்து விதிகள். கடைசி விதியைச் சிலர் நூலகம் பருத்துக்கொண்டே போக வேண்டும் என்று பொருள்கொள்கிறார்கள். முழு வளர்ச்சி பெற்ற உயிரி பருப்பதில்லை. அதன் உடலில் பழையது உதிர்ந்து புதியது தோன்றிக்கொண்டே இருக்கிறது. கல்லூரி நூலகத்துக்கு இந்தப் பொருளே பொருந்தும் என்பது என் கருத்து.

எந்த நூல் நகர்கிறது?

மறுசீரமைப்பின் முதல் வேலை அளப்பது. 1979இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, அந்நூலகம் 1969இல் வாங்கிய நூல்களின் இரவல் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தது. முதல் ஆறு ஆண்டுகளில் அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒருமுறைகூட இரவல் போகவில்லை. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் ஒன்றில், இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த நிலை அது. நம் ஊர்க் கல்லூரி நூலகத்தில் கணினி அறிவியல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு நூலை எடுத்துப் பின் அட்டையைத் திறந்து பாருங்கள். அங்கே ஒட்டியுள்ள தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2003 என்றிருக்கும். பக்கத்திலேயே அதே நூலின் இன்னும் நான்கு படிகள், சீட்டில் மையே படாமல் நிற்கும். எம்எஸ்-டாஸ் என்ற பழைய கணினி இயக்க முறைமையைக் கற்பிக்கும் ஐந்து படிகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தால், இன்றைய பாடத்துக்குத் தேவையான நூல் தலைக்கு மேலே கை எட்டாத தட்டுக்குப் போய்விடுகிறது.

நூலக மேலாண்மை மென்பொருள் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இந்த அளவீடு எளிது. நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற திறமூல (எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய) மென்பொருள் இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பரவலாக உள்ளது. நூல் வாங்கிய நாள், கடைசியாக இரவல் போன நாள், மொத்த இரவல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வகைப்பாட்டு எண் வரிசையில் அதிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் இரவல் கணக்கு மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. நம் மாணவர்கள் பலர் நூலை மேசையில் வைத்தே படித்துவிட்டு அங்கேயே விட்டுப் போகிறார்கள். அந்த நூல்களை அடுக்கும் முன்பு, உள்பயன்பாட்டுக்கென ஒரு கணக்கு அட்டையை மென்பொருளில் உருவாக்கி, அதன் பெயரில் ஒவ்வொன்றையும் ஒருமுறை வருடிப் பதிவுசெய்தால் போதும். ஓர் ஆண்டு முழுவதும் விடாமல் இதைச் செய்த பிறகு கையில் கிடைக்கும் பட்டியல், எந்த ஆலோசகரின் அறிக்கையையும்விட அந்தக் கல்லூரிக்கு நெருக்கமானதாக இருக்கும்.

அடுத்தது நூல் கழித்தல், அதாவது பயன்படாத நூல்களைச் சேகரிப்பிலிருந்து நீக்குதல். இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன. அதற்கு நூலகர்களைக் குறைசொல்ல முடியாது. வரவுப் பதிவேட்டில் எண் ஏறிய ஒவ்வொரு நூலும் நிறுவனத்தின் சொத்து. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் தன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற அச்சத்தோடு பல நூலகர்கள் பணிக்காலம் முழுவதையும் கழிக்கிறார்கள். ஆனால் விதிகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், விதி 215 இதற்குரியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு வேண்டும். 50,000 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும். ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த, பார்வைக்கு எடுத்த ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் ஐந்து நூல்கள் வரை இழப்பது, நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராத வரையில், இயல்பானதே என்றும் அவ்விதி ஏற்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல்களும் அரிய நூல்களும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி இது. மற்றக் கல்லூரிகளும் தம் ஆட்சிக்குழுவின் ஒப்புதலோடு இதையொட்டி எழுத்து வடிவில் ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டால் நூலகரின் அச்சம் பாதியாகக் குறையும். அலமாரியைத் திறந்துவிடத் தயங்கும் நூலகங்களுக்கும் இதுவே மருந்து.

கழிக்க வேண்டிய நூல்களின் பட்டியலை நூலகர் தயாரிக்கலாம். முடிவைத் துறை ஆசிரியர்களோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். பட்டியலை ஒரு பருவம் முழுவதும் துறையில் வைத்திருந்து, ‘இது இருக்கட்டும்’ என்று எவரேனும் காரணத்தோடு குறித்தால் அதைத் திரும்ப அடுக்க வேண்டும். பழைய பதிப்பு என்பதற்காக மட்டும் எதையும் நீக்கக் கூடாது. மருத்துவத்திலும் சட்டத்திலும் கணினியிலும் பழம்பதிப்பு தவறான வழியைக் காட்டிவிடும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் அதே பழம்பதிப்புதான் மூலச் சான்று. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்துத் தமிழ்த்துறை அலமாரியைக் காலிசெய்வது பெரிய இழப்பு.

அதிகம் தேடுவது அருகில், அரிதாகத் தேடுவது தொலைவில்

கழிக்கவும் கூடாது, முன்னே வைக்கவும் தேவையில்லை என்ற வகை நூல்களுக்கு உலகின் பெரிய நூலகங்கள் தனிச் சேமிப்பகங்களை அமைத்துள்ளன. ஹார்வர்ட் 1986இலேயே நகருக்கு வெளியே அப்படி ஒன்றைத் திறந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 2011இல் திறந்த மன்சுவேட்டோ நூலகத்தில் 35 லட்சம் தொகுதிகளுக்கு நிலத்தடியில் இடம் இருக்கிறது; இயந்திரக் கைகள் நூலை எடுத்துத் தர, மேலே கண்ணாடிக் கூரையின் கீழ் வாசகர்கள் அமர்ந்து படிக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகம் 2013இல் இதே முறையில் 20 லட்சம் நூல்கள் வரை வைக்கும் வசதியை வழக்கமான அலமாரிகளுக்கு வேண்டிய இடத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்குள் அடக்கியது. மிச்சமான இடம் முழுவதும் வாசகருக்குப் போனது. ஒரு நூலைத் திறந்த அலமாரியில் ஓர் ஆண்டு வைத்திருக்க 4.26 டாலர், செறிவான சேமிப்பகத்தில் வைத்திருக்க 0.86 டாலர் என்று 2010இல் அமெரிக்காவில் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூல் சும்மா இருந்தாலும் அதற்கு இடச்செலவு உண்டு என்பதை அந்தக் கணக்கு பலருக்கும் உணர்த்தியது.

நம் கல்லூரிகளால் இயந்திரக் கைகளை வாங்க இயலாது, அதற்குத் தேவையும் இல்லை. தரைத்தளத்தில் ஈரமில்லாத ஓர் அறை, தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரிகள், கேட்டால் மறுநாள் காலைக்குள் நூலை எடுத்துத் தரும் ஓர் ஏற்பாடு ஆகியவை போதும். ஒரு கவனம் மட்டும் தேவை. கட்டடங்களின் தளச் சுமை பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. நூல் அடுக்கும் அறைக்கு 2.2 மீட்டர் உயர அலமாரி என்றாலே 6 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 600 கிலோ எடை. மாடியில் காலியாகக் கிடக்கும் வகுப்பறை ஒன்றை அப்படியே நூல் கிடங்காக்குவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். நெருக்க அலமாரிக்குச் சுமை இன்னும் கூடும் என்பதால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இல்லாமல் அதை மாடிக்கு ஏற்றக் கூடாது.

சொந்தமும் சந்தாவும்

அச்சிதழுக்குச் சந்தா கட்டியபோது, மறு ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக நம் அலமாரியில் இருந்தன. மின்னிதழுக்குக் கட்டும் பணம் பெரும்பாலும் வீட்டு வாடகையைப் போன்றது. கட்டும் வரை குடியிருக்கலாம். எத்தனை மின்னிதழ்கள் கிடைக்கின்றன என்று கேட்பதோடு, ஒப்பந்தம் முடிந்த பின் எவை நம்மிடம் தங்கும் என்றும் நூலகக் குழு கேட்க வேண்டியது இதனால்தான்.

பேரம் பேசுவது தனி நூலகத்தால் ஆகாது என்பதால் கூட்டமைப்புகள் தோன்றின. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாக 1991இல் தொடங்கிக் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட், இந்தியாவில் இப்பணியின் மையம். கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்ற பெயரில் அது மின்னூல்களையும் மின்னிதழ்களையும் பல ஆண்டுகளாக வழங்கிவருகிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, மத்திய மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இது திறந்துவிடுகிறது. சிற்றூரின் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் மாணவிக்கும் மத்திய ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளருக்கும் ஒரே இதழ் கிடைக்கும் நிலை நம் நாட்டில் இதற்கு முன் இருந்ததில்லை. இதை மனமார வரவேற்க வேண்டும். அதே நேரத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதையும், மூன்று ஆண்டுகளுக்குப் பின் என்ன என்ற கேள்வி திறந்தே இருப்பதையும் கணக்கில் வைத்தே திட்டமிட வேண்டும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். விலையிலும், கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவிடும் திறந்த அணுக்கத்திலும் உடன்பாடு ஏற்படாமல் 2019 பிப்ரவரியில் அது ஆய்விதழ்ப் பதிப்பாளரான எல்சேவியர் நிறுவனத்துடன் பேச்சை முறித்துக்கொண்டது. அந்த ஆண்டின் கோடையில் புதிய கட்டுரைகளுக்கான வழி அடைபட்டது. 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நூலகங்களுக்கு இடையிலான இரவலையும் பிற வழிகளையும் நம்பிப் பணியைத் தொடர்ந்தார்கள். நூலகர்கள் முன்கூட்டியே மாற்று வழிகளைத் தயார் செய்து ஆசிரியர்களுக்கு விளக்கியிருந்ததால்தான் அது இயன்றது.

திரையில் இருப்பது பாதுகாப்பாகவும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் நூற்பட்டியலே 2024 ஜனவரி நடுவில்தான் இணையத்துக்குத் திரும்பியது. நூல்கள் அத்தனையும் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று தேடும் வழி இல்லை. கல்லூரி நூலகம் தன் நூற்பட்டியலின் முழுப் படி ஒன்றை வாரந்தோறும் இணைப்பில்லாத தட்டு ஒன்றில் எடுத்து வேறு கட்டடத்தில் வைக்க ஆகும் செலவு மிகச் சிறிது. நூற்றுக்கணக்கான கணினிகளை வாங்கிவிட்டு இந்த ஒன்றைச் செய்யாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

இருக்கை, விளக்கு, நேரம்

பிற்பகலில் ஒரு கல்லூரி நூலகத்தின் வாசிப்பு அறைக்குச் சென்று மேசைகளைப் பார்த்தால், பாதி மாணவர்கள் நூலகத்தின் நூலையே தொடாமல் இருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. அல்லது நெட் தேர்வுக்கான சொந்தப் புத்தகம், நகலெடுத்த குறிப்புகள், செல்பேசியில் ஒரு காணொளி விரிவுரை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். இதைப் பார்த்து நூலகத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் ஒரு மாணவிக்கு, ஒற்றை அறை வீட்டிலும் நெருக்கடியான விடுதியிலும் கிடைக்காத அமைதியான மேசையைக் கல்லூரி நூலகம் தருகிறது என்றால், அது நூலகத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. அந்த மேசையும் நாற்காலியும் பாடநூலுக்கு நிகரான கல்விச் சாதனங்கள்.

ஆகவே கழித்தலாலும் இடமாற்றத்தாலும் கிடைத்த இடம் முதலில் இருக்கைகளுக்கே போக வேண்டும். அவற்றில் ஒரு பகுதி பேசிக்கொண்டே சேர்ந்து படிப்பதற்கு, கதவு மூடிய சிறு அறைகளாக இருக்கட்டும். பெரும்பகுதி மௌனமான இருக்கைகளாகவே நீடிக்கட்டும். மேசைக்கு ஒரு மின்செருகி, கண்ணில் நிழல் விழாத விளக்கு, குடிநீர், பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை, சக்கர நாற்காலி நுழையும் அகல வாசல், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் திரைவாசிப்பு மென்பொருள் உள்ள கணினி ஆகியவற்றை ஆடம்பரங்களாகக் கருதித் தள்ளிப்போடக் கூடாது. நேரம் இவற்றிலெல்லாம் முக்கியமானது. வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்து, வகுப்பு முடிந்ததும் மூடிவிடும் நூலகத்தை மாணவர் எப்போது பயன்படுத்துவார்? மாலை எட்டு மணி வரை திறந்து வைப்பதற்கு ஒரு பணியாளரின் ஊதியமும் ஒரு காவலரும்தான் கூடுதல் செலவு. புதிய மின்னணுக் கதவின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக் குழு முடிவெடுக்கலாம்.

நூலகரின் நாள்

நூல் வழங்கல், திரும்பப் பெறுதல், அடுக்குதல் ஆகிய வேலைகள் குறையக் குறைய, நூலகரின் பதவியே தேவையில்லை என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆய்விதழ்களின் தரத்தைக் காட்டிவந்த கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களை இனம் காணும் பொறுப்பு நிறுவனங்களின் தோளில் விழுந்திருக்கிறது. ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, அது எந்தத் தரவுத்தளங்களில் இடம்பெறுகிறது, கட்டுரையைப் படித்துப் பார்க்கத்தான் செய்கிறார்களா என்று ஆராய்ந்து சொல்லப் பயிற்சி பெற்றவர் கல்லூரியில் நூலகரே. 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை வந்த பின், ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கையை எடுத்து விளக்குவதும் அவர் வேலையாயிற்று.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் தரும் மேற்கோள் பட்டியலில் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும்; அப்படி ஒரு கட்டுரையே உலகில் இருக்காது. அதை நம்பி நூலகத்துக்கு வரும் மாணவரிடம் ‘எங்களிடம் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் வேறொரு கட்டுரை இருப்பதைக் காட்டி, உண்மையான கட்டுரையைத் தேடும் வழியை அரை மணி நேரம் உட்கார்ந்து கற்பிப்பதுதான் நூலகப் பணி. இந்த அரை மணி நேரத்தை நூலகரின் வேலை நேரத்தில் ஒதுக்கி, முதலாண்டு மாணவர்களின் கால அட்டவணையிலும் இடம் கொடுத்தால் மறுசீரமைப்பு வேரூன்றும்.

வேறெங்கும் கிடைக்காதவை

ஒரே நாடு ஒரே சந்தா தருகிற இதழ்கள் எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் பொது. அப்படியானால் குறிப்பிட்ட ஒரு கல்லூரியின் நூலகத்துக்கு மட்டுமே உரிய சிறப்பு எது? அந்தக் கல்லூரியின் ஆண்டு மலர்கள், உள்ளூர் சிற்றிதழ்கள், பேராசிரியர்கள் விட்டுச்சென்ற தனிச் சேகரிப்புகள், வட்டார வரலாறு பற்றிய துண்டு வெளியீடுகள், தட்டச்சுப் படியாக மட்டும் இருக்கும் எம்.ஃபில். ஆய்வேடுகள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்கா களஞ்சியம் இருக்கிறது. எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், ஊர்ப் பெயர்கள், நாட்டார் பாடல்கள், கோயில் விழாக்கள் பற்றி மாணவர்கள் களத்தில் சேகரித்து எழுதிய அந்த ஏடுகளின் ஒரே படி துறை அலமாரியில் செல்லரித்துக்கொண்டிருக்கிறது.

தனிச் சேகரிப்பின் மதிப்பை உணர ரோஜா முத்தையாவை நினைத்துக்கொண்டால் போதும். கோட்டையூரில் அவர் ஒருவராகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய விரும்புவோருக்கு அதைத் தவிர்க்க வழியில்லை. அவர் சேர்த்தவற்றில் பலவற்றை, வெளிவந்த காலத்தில் எந்த நூலகமும் சேர்த்து வைக்கத் தக்கதாக நினைத்திருக்காது.

இவற்றைக் கண்டுபிடிக்கும்படி வைக்க நூற்பட்டியல் தமிழில் இருக்க வேண்டும். பல கல்லூரிகளின் பட்டியலில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில் ஏறியுள்ளன. ‘புதுமைப்பித்தன்’ என்ற பெயரில் வரும் ‘து’வுக்கு ஒருவர் டி மட்டும் போட்டிருப்பார், இன்னொருவர் டி-எச் போட்டிருப்பார், மூன்றாமவர் ஒற்று மிகுந்ததா இல்லையா என்று தயங்கி இன்னொரு விதமாக எழுதியிருப்பார்; தேடும் மாணவருக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும். மார்க் 21 என்னும் நூற்பதிவுத் தரநிலையில் 880ஆம் புலம் மூல எழுத்து வடிவத்துக்கென்றே இருக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அதில் ஏற்ற, தமிழில் பிழையின்றித் தட்டச்சு செய்யும் இருவர் இரண்டு கோடை விடுமுறைகளில் உட்கார்ந்தால் ஒரு நடுத்தரக் கல்லூரியின் தமிழ்ப் பகுதி முழுவதும் சீராகிவிடும். தலைப்பெழுத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதை முதல் நாளே தீர்மானித்து எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மின்வருடலுக்குச் சட்டம் தடையாக இருக்கும் என்று கருதிப் பலர் பின்வாங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம், இலாப நோக்கமற்ற பொதுப் பயன்பாட்டு நூலகம் தன்னிடம் அச்சுப் படி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. வெளியாருக்கு இணையத்தில் திறந்துவிடுவது வேறு செய்தி; அதற்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும் அல்லது உரிமையாளரின் இசைவு வேண்டும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை. வருடிய கோப்புகளை வைக்க எம்.ஐ.டி.யும் ஹியூலெட்-பேக்கர்டும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற திறமூலக் களஞ்சிய மென்பொருள் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தோடும் பேசிப் பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் குழுக்களுக்கு என் பரிந்துரை, கல்லூரியின் பழைய வரவுப் பதிவேடுகளை முதலில் மின்வருடி வைப்பது. எந்த ஆண்டில் எந்த நூலை என்ன விலைக்கு யாரிடம் வாங்கினார்கள், எவற்றை நன்கொடையாக யார் கொடுத்தார்கள் என்பது அவற்றில் வரிசையாக இருக்கிறது. கழித்தலின்போது எந்தப் படி அரியது என்று சரிபார்க்கவும், விடுபட்ட தமிழ் நூல்களைப் பட்டியலில் ஏற்றவும் அதுவே ஆதாரம். ஒரு வாரத்தில் முடியும் வேலை. அதற்கு ஒரு வருடியும் இரண்டு மாணவர்களும் போதும்.